சீட்டுக் கம்பி, ஆயிரத்து நாற்பது

வரி அலுவலர் மெலிந்தவர், மரியாதைக்காரர்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
என் பேரேட்டைப் புரட்டுகிறார்.
போர் முடிந்து பதினோரு மாதம்.
"அம்மா, நாற்பத்து நான்காம் ஆண்டில்
சைக்கிள் சீட்டுக் கம்பி ஆயிரத்து நாற்பது விற்றிருக்கிறீர்கள்.
சக்கரமோ முப்பத்தாறுதான்.
கோபன்ஹேகன்காரர்கள் எதை ஓட்டிக்கொண்டு போனார்கள்?"

கையெழுத்து என்னுடையது. சாய்வில்லாத, பள்ளிக்கூடக் கையெழுத்து.
அந்தக் கடையில் பொய் எழுதச் சம்பளம் வாங்கியவள்
நான் ஒருத்திதான்.
குழாய்க்கு நான் வைத்த பெயர் சீட்டுக் கம்பி.
சுருள்வில்லுக்கு சீட்டு ஸ்பிரிங்.
உள்ளே முன்னும் பின்னும் பாயும் இரும்புக் கட்டைக்குப்
பெயர் கிடைக்காமல் இரண்டு நாள் அலைந்தேன்.
'பெடல் அச்சு, கனமானது.'
விசைக்கு, மணி.
ஒருமுறை தொட்டால் ஓயாத மணி.

வரைபடம் மீன்பெட்டியின் அடியில் வந்தது,
ஓரம் உப்பில் ஊறி.
கடலுக்கு அப்பால் யாரோ அவசரத்தில் போட்டது.
அழகுக்கென்று ஒரு கோடுகூடச் செலவழிக்காத ஆள்.
மரப்பிடி இல்லை, மெருகு இல்லை,
பற்றவைத்த தழும்பை மறைக்கும் வெட்கம் இல்லை.
ஐனார் கோஃபோத் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது துப்பாக்கி இல்லை, துப்பாக்கியின் எலும்பு."
பைப்பை இருமுறை பற்றவைத்த பிறகு:
"கெட்டிக்காரன்.
நம்மைப் போன்றவர்கள்தான் செய்யப்போகிறோம் என்று
தெரிந்தே வரைந்திருக்கிறான்."

அளவெல்லாம் அங்குலம்.
எங்கள் கடைசல் எந்திரத்துக்கு மில்லிமீட்டர்தான் தெரியும்.
இரவெல்லாம் பெருக்கினேன்,
கடைசி இலக்கத்தை முழுதாக்கினேன்.
அந்த முழுதாக்கலில் ஒரு மயிரிழை தொலைந்தது.
டிராம் வளைவில் அலறும் நேரம் பார்த்து
நிலவறையில் சுட்டுப் பார்த்தபோது
முதல் பதினான்கும் மூன்றாம் குண்டில் விக்கி நின்றன.
ஐனார் தோட்டாப் பெட்டியின் உதட்டைக்
கட்டைவிரலால் தடவித் தடவி
என் பிழை இருந்த இடத்தைக் கண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை. அரத்தை எடுத்தார்.

ஒரு செவ்வாயன்று செவிலி ஒருத்தி
நிஜமாகவே சீட்டு ஸ்பிரிங் கேட்டு வந்தாள்.
பேரேட்டின்படி அறுநூறு இருந்தது.
இல்லை என்றேன்.
அதே வாரம் ஒரு ஜெர்மன் சிப்பாய்,
டயரில் ஆணி, மூக்கில் சளி.
சில்லறையை எண்ணிச் சரியாகக் கொடுத்தான்.
'பஞ்சர், ஒன்று.'
அந்தப் பக்கத்தில் அது மட்டும்தான் உண்மை.

"அப்புறம், இது" என்கிறார் அலுவலர்.
விரல் நவம்பரில் நிற்கிறது.
'திரும்பி வந்த சீட்டுக் கம்பி, ஒன்று.'
"பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை,
நடுக்கோட்டின் மேல் எழுதியிருக்கிறீர்களே?"

ப்ரீபென். பத்தொன்பது வயது.
ரொட்டிக் கூடையில் எடுத்துப்போவான்.
மூன்றாம் மாடிப் படியில் கூடை நழுவியது.
பின்கட்டை கல்லில் மோதியது, அவ்வளவுதான்.
விசையை யாரும் தொடவில்லை.
கட்டை தானே பின்னால் போய்த்
தானே ஒரு குண்டைக் கவ்விக்கொண்டு வந்தது.
அன்றிரவு ஐனார் வீட்டுக்குப் போகவில்லை.
மிச்சமிருந்த ஒவ்வொன்றிலும்
கட்டை நழுவாதிருக்க ஒரு வெட்டுப் போட்டார்,
வரைந்தவனுக்கு நேரமில்லாமல் போன வெட்டு.
அவனுடைய தாயிடம் ரோந்துப்படை என்று சொன்னோம்.
அவள் இன்னும் எங்களிடம்தான் காற்றடிக்க வருகிறாள்.

இப்போது நிஜத்தைச் சொல்லலாம்.
சொன்னால் இந்த மெலிந்த மனிதர் எழுந்து கைகுலுக்குவார்.
பத்திரிகையில் படம் வரும்.
யாராவது எண்ணிப் பார்ப்பார்கள்,
எது எங்கே போயிற்று, எது ஏன் திரும்பிற்று.

"விற்றது விற்றதுதான், ஐயா.
ஆயிரத்து நாற்பதுக்கும் வரி கட்டிவிடுகிறேன்."

அவர் பென்சிலை நாக்கில் தொட்டு
ஓரத்தில் ஒரு கழித்தல் போடுகிறார்.
"ஆயிரத்து முப்பத்தொன்பது" என்கிறார்.
"திரும்பி வந்ததற்கு வரி கிடையாது, அம்மா."